பொட்டுக்குழி வைத்த ஸ்டாப்பர்

மயிலாத்தாளின் லேத்தில் கேரேஜ் நிற்காமல் போனது எங்கள் வீதியில் குடிதண்ணீர் வந்த காலையில் நடந்தது. ஆகையால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டறைச் சுவரைத் தோசைமாவுக்குள் கரண்டி போவதுபோலத் துளைத்துக்கொண்டு பளபளவென்று வெளியே நீண்டு வந்த இரும்புப் பெட்டின்மேல், கத்தியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி, எறும்பு வேகத்தில், ஆனால் மாப்பிள்ளை அழைப்புக்குரிய மிடுக்கோடு அது சாக்கடை வரைக்கும் வந்தது. குடத்தோடு நின்ற பெண்கள் ஒரு கை அகலத்துக்கு விலகி வழிவிட்டார்கள். பக்கத்து மில்லில் மத்தியானச் சங்கு ஊதியதும் கேரேஜ் வந்த வழியே திரும்பிப் பட்டறைக்குள் போனது, நீண்ட பெட் மட்டும் நீண்டபடியே கிடந்தது. அதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டதால் ஏசுவதற்குப் பெண்களுக்கு வேறு விஷயம் கிடைத்துவிட்டது.

லேத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டினால் தண்ணீருக்கு முன்னால் நட்டும் போல்ட்டும் வரும் எங்கள் முட்டுச்சந்தில் இதைப் பால்குடிக் குழந்தையும் சொல்லும்: ஒரு தலைமாட்டில் இரும்பைக் கவ்விச் சுற்றுவது சக், தண்டவாளம்போல நீண்டு கிடப்பது பெட், அந்தப் பெட்டின்மேல் கத்தியைச் சுமந்துகொண்டு நகர்கிற வண்டி கேரேஜ். வண்டி எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் நிற்பதற்காகப் பெட்டில் ஒரு முட்டுக்கட்டையை இறுக்கி வைப்பார்கள், அதற்கு ஸ்டாப்பர் என்று பேர். சக்கைப் பார்த்து வரவேண்டிய கேரேஜ் அன்றைக்கு என்ன நினைத்ததோ, சக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருப்பக்கம் கிளம்பிவிட்டது. மோட்டாரை நிறுத்தினால் நிற்காதா என்று கேட்பீர்கள். நிறுத்தினார்கள். மின்வாரியத்தார் பராமரிப்பு என்று ஒரு பகல் முழுக்கக் கரண்டையே பிடுங்கினார்கள். அன்றைக்கும் சங்கு ஊதும்வரை அது போய்க்கொண்டுதான் இருந்தது, எங்கள் வீட்டு மிக்சிகள்தான் நின்றன.

தினமும் நேற்றைக்குப் போன இடத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் போகும். போகப்போகப் பெட் முன்னால் நீளும், முழத்துக்கு ஒரு வார்ப்பிரும்புக் கால் முளைத்துத் தரையைப் பிடித்துக்கொள்ளும். இடுப்பு உயரத்தில் வீதியின் நட்டநடுவில் அப்படி ஒரு வழவழப்பான மேடை வந்ததும் நாங்கள் என்ன செய்தோம் என்றால், இத்தனை காலம் அது இல்லாமல் எப்படிக் குடித்தனம் நடத்தினோம் என்று யோசித்தோம். இஸ்திரிக்காரர் தள்ளுவண்டியை விற்றுவிட்டு அதன்மேல் துணியை விரித்தார். கீரைக்காரம்மா கட்டுகளை அடுக்கினாள். டீக்கடை ஆரிப் பாய் தம் கடைக்கு எதிரே வந்த பகுதியை ஈரத்துணியால் துடைத்துக் கிளாசுகளை வரிசையாக வைத்து, வெளியூர்க்காரர்களிடம் அது தம் பாட்டனார் காலத்து மேஜை என்றார். கேரேஜ் வரும் நேரம் எல்லோருக்கும் அத்துப்படியாக இருந்ததால், அது வரும்போது கிளாசையும் கீரையையும் தூக்கிக்கொண்டு, அது போனபிறகு திரும்ப வைப்பார்கள். சும்மா போகிற வண்டி சும்மா ஏன் போக வேண்டும் என்று வீதியின் கீழ்க்கோடிப் பெண்கள் அதன் தலையில் சாப்பாட்டுத் தூக்கை ஏற்றி மேல்கோடி வீட்டுக்கு அனுப்பினார்கள். மேல்கோடியிலிருந்து காலித் தூக்கோடு கொஞ்சம் ஊறுகாயும் திரும்பி வந்தது. கலியாணப் பத்திரிகை, கடன் கேட்ட காப்பித்தூள், ஒருமுறை கோபித்துக்கொண்டு போன ஒரு பூனை, எல்லாம் அதில் போய் வந்தன. மழைக்காலத்தில் துரு ஏறாமல் இருக்க அவரவர் வாசலுக்கு நேரான பகுதிக்கு அவரவரே எண்ணெய் போட்டார்கள், அதில் யார் வீட்டுப் பகுதி அதிகம் மின்னுகிறது என்று போட்டியும் வந்தது. என் வீட்டுப் பகுதியில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். செய்தும் இருக்கிறேன்.

ஒரே ஒரு சங்கடம். கத்திக்கு எதிரே எது இருந்தாலும் அது சக்கில் மாட்டியதுபோலத் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும், கத்தி அதைக் கடைந்துவிடும். கார்ப்பரேஷன்காரர்கள் நட்டுவைத்த சதுரக் கல் ஒன்று வழியில் இருந்தது, மத்தியானத்துக்குள் அது கோயில் தூண்போல உருண்டையாகிவிட்டது. நம்பாதவர்கள் வந்து தடவிப் பார்க்கலாம், இன்னும் நிற்கிறது. திருஷ்டிக்கு வைத்த பூசணிக்காய் பம்பரமானது. கடைசல் சுத்தத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் குறை சொல்லவில்லை, வேறு எந்த வீதியின் லேத் கல்லில் அப்படி ஒரு வழவழப்பைக் கொடுக்கும் என்று பக்கத்து வீதிக்காரர்களிடம் கேட்டோம். 

ஆனால் முட்டுச்சந்து என்றால் முட்டுகிற இடம் ஒன்று உண்டல்லவா. அது பொங்கியண்ணனின் வீடு. பேரிலேயே அண்ணன் இருப்பதால் அவனைவிட மூத்த நாங்களும் அவனை அண்ணன் என்றே கூப்பிட வேண்டியிருந்தது, அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கேஸ் கட்டிங் தொழில். எவ்வளவு தடித்த இரும்பானாலும் வெண்ணெய்போல வெட்டித் தருவான். அவனுக்கும் அவன் மனைவி துளசிமணிக்கும் வெகுகாலம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. ஒற்றை அறை வீடு. அறையின் நடு விட்டத்தில் புடவைத் தொட்டில். பெட் போகிற கோட்டை நீட்டிப் பார்த்தால் நேராக அந்தத் தொட்டிலில்தான் போய் முட்டும். எங்கே மாற்றிக் கட்டினாலும் அந்தச் சின்ன அறையில் ஒரு ஓரம் கோட்டுக்குள் வந்துவிடும்.

பெட் அவன் வாசலுக்குக் கூப்பிடு தூரத்தில் வந்தபோது பொங்கியண்ணன் டீக்கடையில் எல்லோரையும் கூட்டினான். தானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டதாகவும், ஆயுத பூஜைக்குள் அந்த வண்டி நிற்காவிட்டால் லேத்தைச் சக்கிலிருந்து கால்வரைக்கும் துண்டு போட்டுப் பழைய இரும்புக்கு அனுப்பிவிடப்போவதாகவும் சொன்னான். எல்லோரும் தலையாட்டினோம். குழந்தை விஷயம்.

மயிலாத்தாள் அதுவரைக்கும் பெட்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். மூடிப்போன மில்லின் மூலையில் கோழி அடைந்துகொண்டிருந்த லேத்தை வாங்கிவந்து, சேலைக்குமேல் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பம்பு ஷாஃப்ட் கடைவதில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தனக்கென்று ஒரு பேரை உண்டாக்கியவள். அவளுக்குச் சோறும் அதுதான், பேரும் அதுதான்.

"லேத்து தப்புப் பண்ணுலைங்" என்றாள். "நிறுத்த ஆளில்லாத வண்டி போகத்தான செய்யும். நிறுத்தாம உட்டது என்ற தப்புங். நான் நிறுத்தறேன்."

"எதைக் கொண்டு நிறுத்துவ?" என்றான் பொங்கியண்ணன். "உன்ற நாக்கைக் கொண்டா?"

"நாக்குல நிறுத்தற வேலைன்னா உங்களைக் கூப்புட்டிருப்பேனுங்" என்றாள் அவள். ஆரிப் பாய் சிரிப்பை மறைக்கக் கிளாஸ் கழுவப் போனார்.

பட்டறைக்கு உள்ளேயே நிறுத்திவிடலாமே என்று ஒருவர் கேட்டதற்கு இஸ்திரிக்காரரும் கீரைக்காரம்மாவும் சேர்ந்து அவரை உட்கார வைத்தார்கள். வீதிக்கு வந்துவிட்ட வண்டி வீதிக்கு வரட்டும், பொங்கியண்ணன் வாசலில் நிற்கட்டும், அதுதான் கூட்டத்தின் முடிவு.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னோம், அவ்வளவையும் செய்தும் பார்த்தோம். ஆட்டுக்கல்லை வைத்தோம், கேரேஜ் அதை இன்னும் நல்ல ஆட்டுக்கல்லாகக் கடைந்துவிட்டுப் போனது. லாரியைக் குறுக்கே நிறுத்தினோம். முன்பக்க இரும்பு உருண்டையாகிவிட்டது, டிரைவர் அது அழகாக இருக்கிறது என்று அப்படியே ஓட்டிப்போனார். பொங்கியண்ணனே ஒரு யானைக்கால் அளவு இரும்புக்கட்டியை வெட்டி, ஒற்றைப் போல்ட்டில் பெட்டோடு இறுக்கி, மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். கேரேஜ் வந்து அதைத் தொட்டது, ஒரு கணம் யோசித்தது, பிறகு கட்டியையும் தள்ளிக்கொண்டு நடந்தது. போல்ட் இறுகிய இடத்தில் பெட்டில் ஒரு வடு விழுந்ததுதான் மிச்சம்.

மயிலாத்தாள் அந்த வடுவைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, எத்தனை கனம்ங்கறது கணக்கே இல்லீங்" என்றாள். "எங்க புடிக்குதுங்கறதுதான் கணக்கு. அப்பறம், ஓடி வர்றவனைக் கன்னத்துல அறைஞ்சு நிறுத்தப்படாது. முன்னாடியே தோளைத் தொட்டு, இந்தா, எடம் வந்துருச்சுன்னு சொல்லோணும்."

அதைத்தான் செய்தாள். பெட்டின் ஓரத்தில் ஒரு வரம்பு கூரைபோல இரண்டு பக்கமும் சரிந்திருக்குமல்லவா, அந்தச் சரிவின்மேல் அச்சாக உட்கார்கிற மாதிரி ஒரு இரும்புக் கட்டையைக் கடைந்தாள். அடியில் ஒரு தகடு, இரண்டு போல்ட், கடிக்கிற இடத்தில் பெட்டுக்கு வலிக்காமல் பித்தளை. கேரேஜ் தொடுகிற மூக்கில் ஒரு ஸ்குரூ. ஸ்குரூவின் நுனியில் பேரிங்கிலிருந்து எடுத்த எஃகுக் குண்டு, எந்தப் பக்கமிருந்து தொட்டாலும் ஒரே புள்ளியில் தொடும். இரும்புச் சுருள் ஒன்றுகூட நடுவில் சிக்காமல் துடைத்துவிட ஒரு கம்பளித் துண்டு. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன நெம்புகோல், கேரேஜ் வந்து அதில் இடித்ததும் அதன் ஓட்டத்தைக் கழற்றிவிடும், கடைசித் தூரத்தைக் கேரேஜ் தன் கனத்திலேயே மெல்ல நகர்ந்து வந்து குண்டில் முகம் வைக்கும். பொங்கியண்ணன் வாசலுக்கு வெளியே அதைப் பூட்டினாள். பூட்டிய அன்றைக்கு வீதியே வேலைக்குப் போகவில்லை.

கேரேஜ் வந்தது. நெம்புகோல் படுத்தது. 'டிக்' என்று ஒரு சத்தம், பல்லி சொல்வதுபோல. கேரேஜ் நின்றது.

சங்கு ஊதியதும் திரும்பிப்போனது, மறுநாளும் வந்தது, அதே இடத்தில் டிக். மயிலாத்தாள் பக்கத்தில் ஒரு டயல் கேஜை மாட்டிவைத்தாள். ஒரு முடியளவு விலகினாலும் காட்டிக்கொடுக்கிற அந்த முள் ஒவ்வொரு நாளும் அதே கோட்டில் வந்து நின்றதைப் பார்க்கப் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருவதுபோலப் பக்கத்து வீதிகளிலிருந்தெல்லாம் வந்தார்கள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று, வந்தவர்களை வரிசையில் விட்டு, தொடாமல் பார்க்கச் சொன்னோம். ஏதோ நாங்களே கடைந்ததுபோல எங்களுக்கு நடையே மாறிவிட்டது.

அப்புறம்தான் வேறு எந்த ஊர்க்காரனும் செய்யாத, நாங்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தக் காரியத்தைச் செய்தோம். ஒரு குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் வாசலில் நிற்கிற ஒன்றை மொட்டையாக எப்படி விடுவது? முதல் நாள் யாரோ ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்கள். மறுநாள் குங்குமம். பிறகு செவ்வரளி மாலை, எலுமிச்சம்பழம். ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைப்போமே, இது அதைவிடப் பெரியதல்லவா என்று வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் நல்லெண்ணெய் அபிஷேகம் தொடங்கினார்கள். ஆரிப் பாய் தம் பங்குக்கு ஒரு சொட்டு அத்தர் தேய்த்துச் சாம்பிராணி காட்டினார். ஸ்டாப்பர் கமகமவென்று மணந்தது. எண்ணெய் மெல்ல வழிந்து, கட்டைக்கும் பெட்டுக்கும் நடுவே, இறுக்கிப் பிடித்திருந்த அந்தப் பித்தளைப் பல்லுக்கடியில் போய்ச் சேர்ந்தது.

பூஜைக்கு முந்தின நாள் கேரேஜ் வந்தது, நெம்புகோல் படுத்தது, டிக் என்றது. ஆனால் நிற்கவில்லை. ஸ்டாப்பர் வழுக்கியது. சறுக்குமரத்தில் போகிற குழந்தைபோல மாலையும் எலுமிச்சம்பழமுமாக அது முன்னே போக, கேரேஜ் பின்னே போக, பெட் வளர்ந்து பொங்கியண்ணன் வீட்டுச் சுவருக்குள் புகுந்தது. நாங்கள் கத்திக்கொண்டே ஓடினோம். துளசிமணி உள்ளேதான் இருந்தாள். முந்தின நாள் முழுக்கத் தூங்காமல் அழுத குழந்தை அப்போதும் அழுதுகொண்டிருந்தது. ஸ்டாப்பரின் முதுகு தொட்டிலை மெல்ல இடித்தது, தொட்டில் ஆடியது, கத்தி புடவை ஓரத்துக்கு வந்து ஒரு நூலைத் தொட்டுச் சுற்ற ஆரம்பித்தபோது சங்கு ஊதியது. கேரேஜ் திரும்பியது. குழந்தை தூங்கிப்போயிருந்தது.

 பொங்கியண்ணன் தன் பட்டறைக்குப் போய்ச் சிலிண்டரை உருட்டி வந்து, டார்ச்சைப் பற்றவைத்தான். நீலத் தீ 'ஸ்ஸ்' என்று நிமிர்ந்தது. மயிலாத்தாள் அவனைத் தடுக்கவில்லை. குனிந்து ஸ்டாப்பரின் அடியில் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தாள். நல்லெண்ணெய், சந்தனம், அத்தர். விரலை எங்கள் பக்கம் காட்டினாள். வீதி மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது.

அவன் தீயைப் பெட்டில் வைப்பதற்கு முன்னால் துளசிமணி பேசினாள். அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை, அன்றைக்கும் போடவில்லை.

"தீயை அமத்துங்க. புள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கா" என்றாள் புருஷனிடம். பிறகு மயிலாத்தாள் பக்கம் திரும்பினாள். "அக்கா, அதை வெளிய கொண்டுபோய் வெக்காதீங்க. இங்கியே வெய்யுங்க, தொட்டிலுக்குப் பக்கத்துலயே. அது தட்டுனாத்தான் இவ தூங்கறா. ஆனா நூல்கூட அறுபடப்படாது. முடியுமா?"

பொங்கியண்ணன் தீயை அமர்த்தினான். நாளைக்கு மத்தியானம் சங்கு வரைக்கும் என்றான். ஒரு நூல் அறுந்தாலும் லேத் மிஞ்சாது என்றான்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? யாரும் ஸ்டாப்பரைத் தொடக்கூடாது, பொட்டு வைக்கக்கூடாது, எண்ணெய் ஊற்றக்கூடாது என்று எழுதிப் பலகை மாட்டியிருப்பார்கள். நானே அதைத்தான் சொன்னேன். மயிலாத்தாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மாமா, நம்ம வீதியில ஒண்ணுக்குப் பொட்டு வெக்காதீங்கன்னா கேப்பாங்களா? நீங்களே மொத ஆளா மூணு விரல்ல பட்டை போட்டுருவீங்க. பொட்டு வெச்சாலும் நிக்கறதுதானுங் ஸ்டாப்பர்" என்று சொல்லிவிட்டுக் கட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் ஆயுத பூஜை. எல்லாப் பட்டறையிலும் மெஷின்கள் மாலை போட்டுக்கொண்டு ஓய்வெடுக்கிற நாளில் அவளுடைய பட்டறையில் மட்டும் இரும்புச் சுருள் பறந்துகொண்டிருந்தது. வெயில் ஏறும்போது கட்டையோடு வந்தாள். கட்டையின் தலையில், ஒரு கட்டைவிரல் அளவில், வழவழவென்று ஒரு சின்னக் குழி கடைந்திருந்தாள். குழியிலிருந்து ஒரு வாய்க்கால். ஊற்றுகிற எண்ணெய் அதன் வழியே பின்பக்கம் இறங்கி, பெட்டைத் தொடாமல், தொங்குகிற ஒரு பித்தளைக் கிண்ணத்தில் விழும். மூக்கிலிருந்த எஃகுக் குண்டுக்கு மேலே ஒரு தகட்டுக் குடை, சந்தனம் தெறித்தாலும் அதைத் தாண்டாது. மாலைக்கு இரண்டு பக்கமும் கொக்கி வைத்திருந்தாள். சாம்பிராணிப் புகை வழுக்காது, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று ஆரிப் பாயிடம் சொன்னாள், அவர் முகம் மலர்ந்தது.

தொட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டைத் துடைத்து, கட்டையையும் அதற்கு முன்னால் நெம்புகோலையும் உட்கார வைத்து, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி இறுக்கினாள். நின்று திரும்பிச் சொன்னாள்: "ஊத்துங்க."

யாரும் நகரவில்லை.

"இத்தனை நாளா எவ்வளவு ஊத்துனீங்களோ அதுக்கு மேல ஊத்துங்க. அது தாங்குலீனா லேத்து எனக்கு வேண்டாங்."

ஊற்றினோம். வீதியில் எந்தெந்த வீட்டில் எவ்வளவு எண்ணெய் இருந்ததோ அவ்வளவும் வந்தது. சந்தனம் வந்தது, குங்குமம் வந்தது, பன்னீர் வந்தது, அத்தர் வந்தது. குழி நிறைந்தது, வாய்க்கால் ஓடியது, கிண்ணம் நிறைந்து மாற்றிக் கிண்ணம் வைத்தோம். பொரியும் கடலையுமாக நின்ற வீதி மொத்தமும் அந்த ஒற்றை அறையின் வாசலிலும் ஜன்னலிலும் அடைத்துக்கொண்டிருக்க, துளசிமணி தொட்டிலை ஒரு விரற்கடைகூட நகர்த்தாமல், பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அழுகிற குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பொங்கியண்ணன் டார்ச்சைக் கையில் வைத்திருந்தான், பற்றவைக்கவில்லை.

மாலை போட்ட கேரேஜ் வீதியைத் தாண்டி, கல்தூணைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி வந்தது. சுவருக்குள் புகுந்தது. நெம்புகோல் படுத்தது. கடைசித் தூரத்தை அது நகர்ந்த வேகத்தில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இரண்டு நரை முடி கூடிவிட்டது.

டிக்.

கத்தியின் நுனிக்கும் புடவை ஓரத்தில் பிரிந்து தொங்கிய அந்த நூலுக்கும் நடுவே வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. நூல் அசையவில்லை. டயல் முள் தன் கோட்டில் நின்றது. அந்தத் தட்டில் ஸ்டாப்பரின் முதுகு தொட்டிலைத் தொட்டும் தொடாமலும் விட, தொட்டில் இப்படியும் அப்படியும் ஆடியது, குழந்தை ஒரு விக்கலோடு அழுகையை நிறுத்தி, கொட்டாவி விட்டுக் கண்ணை மூடியது.  குழந்தை எழுந்துவிடக்கூடாது என்று நாங்கள் கைதட்டாமல், ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டோம்.

பொங்கியண்ணன் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்து, எல்லோருக்கும் கடைசியாக அந்தக் குழியில் தன் விரலால் ஒரு பொட்டு வைத்தான். விரல் சரியாகப் பொருந்தியது. மயிலாத்தாள் அதைப் பார்க்காததுபோலப் பார்த்தாள்.

இன்றைக்கும் எங்கள் வீதியில் யார் ஸ்டாப்பர் செய்தாலும் தலையில் பொட்டுக்குழி வைத்துத்தான் செய்வார்கள். வெளியூரிலிருந்து வாங்க வருகிறவர்கள் இந்தக் குழி எதற்கு என்று கேட்பார்கள். எண்ணெய் போட என்போம், அவர்களும் தலையாட்டிவிட்டு வாங்கிப்போவார்கள். அதில் பாதிப் பேர் ஊருக்குப் போனதும் பொட்டு வைத்துவிடுகிறார்கள் என்று கேள்வி. பெட் அதற்குமேல் ஒரு முடியளவுகூட வளரவில்லை. மத்தியானச் சங்குக்கு முன்னால் அந்த டிக் கேட்டால்தான் வீதியில் சாப்பாட்டு இலை போடுவார்கள்.

ஒரே ஒரு தொந்தரவு ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்குப் பட்டறை லீவு, மோட்டாருக்கும் கரண்டுக்கும் அடங்காத கேரேஜ் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அடங்கி உள்ளேயே கிடக்கும். மயிலாத்தாள் தலைக்குக் குளித்து ஈரத்தை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெரிய மீசைக்காரன், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி, வீதியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் பெட்டைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து, நாங்கள் எல்லோரும் கேட்கும்படியாகச் சொல்லுவான்:

"ஏனுங் மயிலக்கா, லேத்தை ஒருக்கா ஓட்டி உடுங்க. புள்ள தூங்க மாட்டேங்குது."